இருநூற்று ஐம்பத்தாறாம் பக்கம்

மார்ச் 4

அன்புள்ள மூக்குச்சுளி அக்காவுக்கு,

நான் நலம். வயிற்றில் இருப்பதும் நலம், உதைக்க ஆரம்பித்துவிட்டது. உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? அச்சகத்தில் இன்னும் அந்தக் கால் ஆடும் மேஜையில்தான் குனிந்து கிடக்கிறாயா?

போனில் பேசியிருக்கலாம். ஆனால் இங்கே போன் கூடத்தில், அத்தையின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் ஹலோ சொன்னதும் அவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார். என் வீட்டுக்காரர், அதுதான் உன் மாப்பிள்ளை, லாரியோடு போனால் திரும்பி வரப் பன்னிரண்டு நாள். அதனால் உனக்குக் கடிதம்தான்.

இதைப் படிக்கும்போது எதையும் சாப்பிடாதே. போன வாரம் அத்தை, "டாக்டருக்குக் குடுக்கணுமாம், காலையில முதல்ல வர்றதை ஒரு டம்ளர்ல புடிச்சு வை" என்றார். பிடித்து வைத்தேன். சாயங்காலம் கண்ணாடிக் கடையிலிருந்து வந்து பார்த்தால் அந்த டம்ளர் குளியலறை ஜன்னலில் வெயில் காய்கிறது. கொட்டப் போனேன். "ஐயோ, கை வைக்காதே! மூணு நாள் ஆகட்டும். அடியில வெள்ளையாப் படிஞ்சா பையன், தெளிஞ்சிருந்தா பொண்ணு" என்று ஓடி வந்தார்.

படிந்துவிட்டது. பையனாம். தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை அக்கா. டம்ளரைக் கழுவி மற்றதோடு கவிழ்த்துவிட்டார். ஆறும் ஒரே மாதிரி இருக்கின்றன. எது அது என்று தெரியாமல் நான் உள்ளங்கையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

உடனே பதில் போடு.

உன் தங்கை,
சோடாபுட்டி


மார்ச் 12

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

கழுத்து வலி அப்படியேதான். மேஜைக் காலுக்கு அட்டை மடித்து வைத்திருக்கிறேன். உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தது என் புத்தி கெட்டதனம். சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

சீ! எழுதும்போதே குமட்டுகிறது. ஆறு டம்ளரையும் தூக்கிப் போடு. நான் புதிதாக வாங்கி அனுப்புகிறேன். யாருடையதை மூன்று நாள் வைத்தாலும் அடியில் ஏதாவது படியத்தான் செய்யும். உன் லாரிக்காரருடையதை வைத்துப் பாருங்கள், அவருக்கும் பையன்தான் பிறப்பான். பையனா பெண்ணா என்பது கரு உண்டான அன்றே முடிந்துபோன விஷயம். டம்ளருக்கு அது தெரியாது, உன் மாமியாருக்கும் தெரியாது.

ஒரு வளர்ந்த மனுஷி, இன்னொருத்தியின் மூத்திரத்தை மூன்று நாள் காவல் காத்திருக்கிறாள். நினைக்க நினைக்க உடம்பு கூசுகிறது. உன் மாமியாருக்கு இதையெல்லாம் யார் சொல்லித் தருகிறார்கள்? தெரிந்தால் எழுது, நேரில் வந்து அந்த வாயைப் பார்க்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். இரும்பு மாத்திரையைத் தவறவிடாதே.

உன் அக்கா


மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

டம்ளர்கள் உடையாமல் வந்து சேர்ந்தன. இப்போது மனிதர்போல் தண்ணீர் குடிக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். உன்னை அத்தை விசாரித்தார்.

நீ கொதித்த கொதிப்பைப் பார்த்ததும் மிச்சத்தையும் சொல்ல ஆசையாக இருக்கிறது. இப்போது ரெண்டு பேருக்குச் சாப்பிட வேண்டுமாம். தட்டில் மலைபோல் குவிக்கிறார். நான் பாதியில் எழுந்தால், "நீ எந்திரி, உள்ள இருக்கறவன் எந்திரிக்கல" என்கிறார். கட்டிலுக்கு எதிரே ஒரு பால்மாவு டப்பாவின் படத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார். கண் விழித்ததும் அந்தக் கொழுகொழு முகத்தைப் பார்த்தால் குழந்தை அதே அச்சில் பிறக்குமாம். எச்சில் வழியும் அந்த வாயைக் காலையில் வெறும் வயிற்றோடு பார்க்கிறேன், உடனே வாந்தி. கடையிலும் நிம்மதி இல்லை. நான் பிரேமுக்குத் திருகு முடுக்கிக்கொண்டிருந்தால், கண்ணாடி வாங்க வந்தவள் என் வயிற்றைத் தடவி, "முன்னாடி தள்ளியிருக்கு, பையனேதான்" என்கிறாள். கேட்காமலே தடவுகிறார்கள் அக்கா, காய்கறியைத் தொட்டுப் பார்ப்பதுபோல.

யார் சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டாயே. ஆள் இல்லை, புத்தகம். மருந்துக் கடையில் இலவசமாகக் கொடுத்தது, 'தாய்மை நாட்குறிப்பு' என்று பெயர். கர்ப்பத்தின் இருநூற்று எண்பது நாளுக்கும் ஒரு நாளைக்கு ஒரு பக்கம். மேலே நாம் எழுத இடம், அடியில் ஒரு குறிப்பு. அட்டையில் 'மருத்துவர் குழு தொகுத்தது' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அத்தை காலையில் அன்றைய பக்கத்தைச் சத்தமாகப் படிப்பார். அதைச் செய்துவிட்டுத்தான் மறுவேலை.

டம்ளர் சமாச்சாரம் நூற்று இருபத்து நாலாம் பக்கம். உனக்காகக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். நீ அச்சகத்து ஆள் ஆயிற்றே, பார்த்து வாய்விட்டுத் திட்டு.

உன் திட்டுக்குக் காத்திருக்கும்,
சோடாபுட்டி


மே 3

அன்புள்ள தங்கைக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. அச்சகத்தில் வேலை.

அந்தப் புத்தகத்தை மூடி வை. அட்டையில் என்ன போட்டிருந்தாலும் நம்பாதே. மருத்துவமனையில் சொல்வதை மட்டும் கேள். பசிக்குச் சாப்பிட்டால் போதும். அந்தப் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிடு.

உன் மாமியாரைப் பற்றிப் போன கடிதத்தில் அதிகம் எழுதிவிட்டேன். அவரிடம் சொல்லிவிடாதே.

உன் அக்கா


மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? ஒரு மாதத்துக்கு மேல் காக்க வைத்துவிட்டு இத்தனூண்டு கடிதம். ஒரு திட்டுகூட இல்லை. ஜுரமா? யாரோடாவது சண்டையா? நான் அனுப்பிய பக்கத்தைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை.

புத்தகத்தை மூடச் சொல்கிறாய். எப்படி மூட? உனக்கு ஒன்று சொல்லவில்லை, எனக்கே போன வாரம்தான் தெரியும். உன் மாப்பிள்ளைக்கு முன்னால் அத்தைக்கு இரண்டு பிறந்து இரண்டும் தங்கவில்லையாம். "அப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது. சொல்லவும் ஆள் இல்ல. இந்த மாதிரி ஒரு புத்தகம் இருந்திருந்தா..." என்று அட்டையைத் தடவினார். அதன்பிறகு டம்ளரை நினைத்தாலும் எனக்கு அத்தனை கோபம் வரவில்லை. ராத்திரி என் கால் வீங்கினால் மடியில் வைத்துத் தேய்த்து விடுகிறார்.

புத்தகத்தில் நல்லதும் இருக்கிறது. தண்ணீர் குடி, கனமானதைத் தூக்காதே, ஒருக்களித்துப் படு. நானும் தினமும் நாலு வரி எழுத ஆரம்பித்துவிட்டேன். உனக்கு எதைக் கண்டாலும் மூக்கு சுளிக்கும். பெரிய டாக்டர்கள் கூடி எழுதியதில் எல்லாமா பொய்யாக இருக்கும்?

கோபம் என்றால் கோபம் என்று எழுது. சும்மா இருக்காதே.

சோடாபுட்டி


ஜூன் 7

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

ஜுரம் இல்லை, சண்டை இல்லை. உன் கால் வீக்கத்தை மருத்துவமனையில் காட்டினாயா? ரத்த அழுத்தம் பார்த்தார்களா?

உனக்கு இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். நேரில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. குழந்தை பிறந்ததும் வருகிறேன், அப்போது பேசுவோம். அதுவரை அத்தை எதைப் படித்தாலும் நர்ஸிடம் கேட்டுவிட்டுச் செய். இதை மட்டும் எனக்காகச் செய்.

அத்தைக்கு அப்படி நடந்தது எனக்குத் தெரியாது. அவரிடம் என் அன்பைச் சொல்.

உன் அக்கா


ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

இன்னும் மூன்று வாரம்தான். நேரில் சொல்வதாக எழுதினாயே, என்ன? கல்யாணமா? கல்யாணம் என்றால் உடனே எழுது, நான் இங்கே சந்தோஷத்தில் பெற்றுவிடுகிறேன்.

கடையில் லீவு போட்டுவிட்டேன். வீட்டில் எல்லோரும் சுகம். பயலும் இப்போது நல்ல பிள்ளை ஆகிவிட்டான். போன வாரம்வரை விலா எலும்பில் உதைத்து என்னை உட்காரவிடவில்லை. இரண்டு நாளாக அடங்கிவிட்டான். எப்போதாவது லேசாகப் புரள்கிறான், அவ்வளவுதான். எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. நேற்று அத்தை புத்தகத்தைப் பிரித்தால், இருநூற்று ஐம்பத்தாறாம் பக்கம் அதையே சொல்கிறது: 'இந்நாட்களில் குழந்தையின் அசைவு குறையும். பிறப்பதற்கு முன் அது ஓய்வெடுக்கிறது. தாயும் கவலையின்றி ஓய்வெடுக்கலாம்.' அப்பாடா என்றிருந்தது. அத்தையும் நானும் மத்தியானம் நன்றாகத் தூங்கினோம்.

நர்ஸிடம் கேட்கச் சொன்னாய். வியாழக்கிழமை செக்கப், அப்போது கேட்கிறேன்.

சோடாபுட்டி


ஜூலை 12

தங்கைக்கு,

நீ போனை வைத்து ஒரு மணி நேரம் ஆகிறது. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்திருப்பாய். அங்கே என்ன நடக்கிறது என்று தெரியாமல் எழுதுகிறேன். போனில் கத்தியதில் பாதி உனக்குப் புரிந்திருக்காது.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு எங்கள் தெருமுனை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கிருந்த நர்ஸ் கடைசி வரியைப் படிக்கவே இல்லை. "குறையவே கூடாது. பிறக்கற வரைக்கும் துடிப்பா இருக்கணும். குறைஞ்சா அன்னிக்கே வரணும். இவங்களை இப்பவே போகச் சொல்லுங்க" என்றாள். அங்கிருந்தே போன் போட்டேன். உன் மாமியார் எடுத்தார். "தூங்குறா, எழுப்பாதீங்க. எல்லாம் சரியாத்தான் இருக்கு, புத்தகத்துலயே போட்டிருக்கு" என்றார். "அந்தப் புத்தகத்தை எழுதினதே நான்தாங்க" என்றேன். சிரித்தார். "டாக்டருங்க எழுதினதும்மா அது" என்றார். அப்புறம்தான் நான் கத்தினேன், நீ வந்து வாங்கினாய்.

டாக்டர் ஒருவரும் இல்லை. போன வருஷம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "இருநூத்தி எண்பது குறிப்பு, ஒன்பது நாள்ல வேணும். ஒவ்வொண்ணும் ரெண்டு வரிக்கு மேல போகக் கூடாது" என்றார். பைண்டிங் பெண்களிடமும் பக்கத்து வீட்டிலும் கேட்டு, காதில் விழுந்ததையெல்லாம் எழுதினேன். டம்ளர் அப்படி வந்ததுதான், எழுதியதையே மறந்திருந்தேன். தீர்ந்துபோனதும் நானே இட்டுக்கட்டினேன். இருநூற்று ஐம்பத்தாறு நான் இட்டுக்கட்டியது. 'ஓய்வெடுக்கலாம்' என்று முடிந்தது எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு முறை படித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நீ கிழித்து அனுப்பிய பக்கத்தைப் பார்த்த அன்றே எனக்குத் தெரியும். மூன்று மாதம் சும்மா இருந்தேன். உன் மாமியாரை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, அந்த வாய் நான்தான் என்று எழுதக் கை வரவில்லை. உன் கடைசிக் கடிதம் வரும்வரை இந்த ஓய்வு வரி என் நினைவில்கூட இல்லை. கைப்பிரதியை எடுத்துப் புரட்டியிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். புரட்டவில்லை. என்னை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது.

எப்படி இருக்கிறாய்? ஒரு வரி போதும், யாரையாவது எழுதச் சொல்.

அக்கா


ஆகஸ்ட் 8

அக்காவுக்கு,

போனில் உன் மாப்பிள்ளை சொல்லியிருப்பார். பெண் குழந்தை, இரண்டு கிலோ. இருவரும் இருக்கிறோம்.

நான் போனபோது இதயத் துடிப்பு விட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. பனிக்குடத் தண்ணீரும் வற்றியிருந்ததாம். அரை மணியில் வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். முதலில் அழவில்லை. டாக்டரம்மா பிறகு வந்து, "ஏன் இத்தனை நாள் விட்டீங்க? நாளைக்கு வந்திருந்தா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றார். அத்தை பையிலிருந்து புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினார். டாக்டரம்மா படித்துவிட்டு அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார், திருப்பித் தரவில்லை. அத்தை இன்னும் நம்பவில்லை. "டாக்டருங்க தப்பா எழுத மாட்டாங்க, அச்சுல மாறிப்போயிருக்கும்" என்கிறார்.

உன் கடிதத்தைத் தையல் பிரித்த அன்று படித்தேன். கோபம் என்று எழுத உட்கார்ந்தேன், அது இல்லை. உன் கடிதத்தைத் தொடப் பிடிக்கவில்லை. டம்ளர்களைத் தொடப் பிடிக்காமல் இருந்ததே, அதைப்போல. டம்ளருக்காவது புதிது வாங்கி அனுப்பினாய். நான் பயந்தபோது, உன் வரிதான் என்னைத் தூங்க வைத்தது அக்கா.

இப்போது வராதே. நான் சொல்லும்போது வா.

எத்தனை புத்தகம் அச்சடித்தீர்கள்?


ஆகஸ்ட் 27

அன்புள்ள தங்கைக்கு,

தையல் ஆறிவிட்டதா? குழந்தை எடை கூடுகிறதா? நீ சொல்லும்வரை வரமாட்டேன்.

மூவாயிரம். முதலாளியிடம் சொன்னேன். "இதுவரைக்கும் யாரும் குறை சொல்லலையே. அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்" என்றார். குறை சொல்ல வேண்டியவர்கள் எங்கே வந்து சொல்வார்கள்? அந்த மனுஷன் முகத்தில் காறித் துப்பலாம்போல் இருந்தது. ஆனால் எழுதியது அவர் இல்லையே. வேலையை விட்டுவிட்டேன். மருந்துக் கடை மருந்துக் கடையாக ஏறி, மிச்சமிருப்பதை வாங்கி வருகிறேன். கொண்டுபோனவர்களுக்கு எட்டட்டும் என்று, 'அசைவு குறைந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போகவும்' என்று ஒரு தாள் அச்சடித்து வாசலில் ஒட்டச் சொல்கிறேன். பாதிப் பேர் ஒட்டுகிறார்கள்.

நேற்று ஒரு கடையில் நிற்கும்போது ஒருத்தி வந்தாள். உன் வயதுதான் இருக்கும். பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டினாள். "எழுதின பக்கத்தையெல்லாம் கிழிச்சிட்டேன். மிச்சம் புதுசாவே இருக்கு. யாருக்காவது குடுங்க" என்றாள். கடைக்காரர் அவளுடைய ஒட்டிய வயிற்றைப் பார்த்துவிட்டு வாங்கி வைத்துக்கொண்டார். அவள் படியிறங்கிப் போய்விட்டாள். புத்தகத்தை என்னிடம்தான் கொடுத்தார். முதல் பக்கத்துக்குப் பிறகு, இருநூற்று ஐம்பத்தொன்பதிலிருந்துதான் தாள் இருக்கிறது.

நான் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன சொல்ல?

உன் அக்கா


செப்டம்பர் 4

அக்காவுக்கு,

முதல் பக்கத்தில் பெயரும் முகவரியும் எழுத இடம் உண்டு. நான் எழுதியிருந்தேன், அவளும் எழுதியிருப்பாள். போய்ச் சொல். சொல்லிவிட்டு எனக்கு எழுது.

குழந்தை இரண்டே முக்கால் கிலோ.


செப்டம்பர் 19

அன்புள்ள தங்கைக்கு,

முகவரி இருந்தது. பத்து நாள் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நேற்றுப் போனேன்.

குறுகிய படி ஏறி மூன்றாவது மாடி. அவள்தான் கதவைத் திறந்தாள். வாசலில் நின்றபடியே சொன்னேன். புத்தகம் எழுதியது டாக்டர் இல்லை, நான். இருநூற்று ஐம்பத்தாறாம் பக்கத்து வரி பொய். குழந்தை அடங்கியபோது அவள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் போக வேண்டாம் என்று சொன்னது நான். இதைச் சொல்லிவிட்டு அடிக்குக் காத்திருப்பதுபோல் நின்றேன்.

அவள் அடிக்கவில்லை, அழவும் இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள், "இன்னொண்ணும் போட்டிருந்தீங்களே. கையைத் தூக்கித் துணி காயப்போட்டா குழந்தை கழுத்துல கொடி சுத்திக்கும்னு. அதுவும் நீங்கதானா?" என்றாள்.

"ஆமா. யாரோ சொன்னாங்க, எழுதிட்டேன்."

"அதுவும் பொய்யா?"

"பொய். கையைத் தூக்கறதுக்கும் கொடிக்கும் சம்பந்தமே இல்ல."

"நான் துணி காயப்போட்டேன்" என்றாள். "மொட்டை மாடியில, ரெண்டு தடவை. எங்க வீட்டுக்காரர் பாத்துட்டார். குழந்தை போன அன்னிலேர்ந்து யாரும் என்கிட்டப் பேசறதில்ல."

அவள் உள்ளே போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க. எல்லாரும் ஆறு மணிக்கு வருவாங்க. அவங்ககிட்டச் சொல்லிட்டுப் போங்க" என்றாள்.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் தண்ணீர் கொடுத்தாள். முதலில் மாமியார் வந்தார், சொன்னேன். மாமனார் வந்தார், சொன்னேன். புருஷன் வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, "திரும்பச் சொல்லுங்க" என்றாள் அவள். மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

அவர் கேட்டு முடித்துவிட்டு, "அப்ப யார் மேலதான் தப்பு?" என்றார். கேட்கும்போதும் கண் அவள் பக்கம்தான் போனது.

"இங்க பாருங்க" என்றேன். "என் மேல."

உன் அக்கா